பங்குனி வெயிலில் பனிச்சறுக்கு: குல்மார்க்குக்கு எதை உடுத்திக்கொண்டு போவது?

பாளையங்கோட்டைக்காரன் | மார்ச் 1, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கேட்டால் சிரிப்பீர்கள், பரவாயில்லை.

இந்த மாதக் கடைசியில் நானும் வீட்டம்மாவும் பதினான்கு வயது மகளும் காஷ்மீரில் இருக்கிற குல்மார்க் போகிறோம். பனியை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிற பயணம் இல்லை. மூன்று நாள் ஆள் வைத்துச் சறுக்கப் படிக்கப் போகிறோம். மகள் இரண்டு வருஷமாக நச்சரித்த காரியம். பங்குனி உத்திரத்துக்கு முன்னால் ஊர் திரும்பிச் சாஸ்தா கோயிலில் வந்து நிற்க வேண்டும் என்பது மட்டும் அம்மா போட்ட நிபந்தனை.

குழப்பம் உடுப்பில்தான். ஆபீஸில் ஒருவர் மைனஸ் பத்தைத் தாங்குகிற கோட் எடுங்கள் என்கிறார். செல்போனில் பார்த்தால் மதியம் 9 டிகிரி, 10 டிகிரி என்று காட்டுகிறது. சொல்லிக்கொடுக்கப் போகிறவரிடம் போனில் கேட்டால், "மார்ச்சில் இங்கே நல்ல வெயில் சார், பாதிப் பேர் வெறும் சட்டையோடு சறுக்குவார்கள்" என்று சிரிக்கிறார். எதை நம்புவது? நமக்கு மார்கழி விடியலில் 21 டிகிரிக்கு இறங்கினாலே காதில் மப்ளர் ஏறிவிடும்.

வீட்டில் இருப்பது: கொடைக்கானலுக்கு வாங்கிய ஸ்வெட்டர் மூன்று, காட்டன் தெர்மல், ஜீன்ஸ், பைக்கில் போகும்போது போடுகிற ரெயின்கோட். விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான் கொண்டுபோகலாம். என் மச்சினன் மணாலிப் பக்கம் போனபோது ரோட்டோரக் கடையில் ஃபர் கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு எடுத்தானாம். கையை உள்ளே விட்டால் முந்தின நாள் போட்ட ஆளின் ஈரம் அப்படியே இருந்ததாம். வாடகைக்கு எடுக்கவா, வாங்கவா? வாங்குவதென்றால் எதை?

தென்காசி சாரல் | மார்ச் 1, இரவு 10.05

அண்ணாச்சி, 21 டிகிரிக்கு மப்ளர் கட்டுகிறவர் 9 டிகிரியில் சட்டையோடா? சீசன் வரட்டும். ஐந்தருவியில் ஒரு மணி நேரம் குளித்துவிட்டு, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காற்றடிக்கிற சாயங்காலம் கார் நிறுத்துகிற இடம் வரை நடந்து பாருங்கள். அதைத் தாங்கினால் குல்மார்க்கையும் தாங்குவீர்கள்.

டவுன் ஜவுளி | மார்ச் 2, காலை 7.20

ரதவீதியில் முப்பது வருஷமாகத் துணி கிழிக்கிறேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். பருத்தியை மிஞ்சிய துணி கிடையாது. உள்ளே கையில்லாத பனியன், அதன்மேல் கை வைத்த பனியன், அப்புறம் காட்டன் சட்டை, மேலே ஸ்வெட்டர். வேர்த்தால் பருத்தி உறிஞ்சிக்கொள்ளும். பாலியஸ்டர் போட்டால் உடம்பு அவிந்துபோகும். காட்டன் தெர்மல் இருக்கிறதே, அதுவே போதும். காசை வீணாக்காதீர்கள்.

மியூனிக் செல்வி | மார்ச் 2, பிற்பகல் 1.15

ஜவுளி அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. உறிஞ்சிக்கொள்ளும் என்றீர்களே, அங்கே தொந்தரவே அதுதான்.

நான் வண்ணார்பேட்டைக்காரி. ஒன்பது வருஷமாக மியூனிக்கில் வேலை. ஏப்ரலில் ஒரு சனி, ஞாயிறாவது சுக்ஷ்பிட்சே மேலே சறுக்கப் போய்விடுவேன். ஜெர்மனியிலேயே உயரமான மலை அது, 2,962 மீட்டர். கீழே ஊரில் மரமெல்லாம் பூத்திருக்கும், மேலே பனி கிடக்கும். முதல் வருஷம் ஊரிலிருந்து கொண்டுவந்த காட்டன் பனியனும் அதன்மேல் பஞ்சு வைத்த தடித்த ஜாக்கெட்டுமாகப் போனேன். படிக்கிறவர்கள் சறுக்குகிற நேரத்தைவிட விழுந்து எழுகிற நேரம்தான் அதிகம். ஒவ்வொரு தடவை எழும்போதும் மாவு ஆட்டுகிற வேலை. அரை மணி நேரத்தில் முதுகெல்லாம் தண்ணீர். அப்புறம் மேலே போவதற்குக் கம்பியில் தொங்குகிற இருக்கை லிஃப்ட்டில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டும். சூரியனை மேகம் மறைத்தது, காற்று எழும்பியது. முதுகோடு ஒட்டிக்கிடந்த பனியன் ஐஸ் தகடாகிவிட்டது. பல் கிட்டிப்போய்விட்டது எனக்கு. அன்றைக்கு வெயில் 8 டிகிரி. தென்காசிக்காரர் விளையாட்டாகச் சொன்ன ஈரத் துண்டை நான் அங்கே முதுகில் சுமந்தேன்.

மார்கழி, தைப் பனிக்கும் பங்குனிப் பனிக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் உடுப்பு தானாகப் பிடிபடும். இப்போது ராத்திரியில் பனி உறையும், பகலில் உருகும். காலை எட்டு மணிக்குப் போனால் சிமெண்ட் தரை மாதிரி கெட்டியாகக் கிடக்கும், விழுந்தால் எலும்பில் உறைக்கும். பத்து, பத்தரைக்கு மேல் மேற்பரப்பு இளகிக் கல்லுப்பு மாதிரி மணி மணியாகும். சறுக்க அதுதான் சுகமான நேரம். ஒன்றரை, இரண்டுக்கு மேல் சர்பத் கடை ஐஸ்தான். மிதித்தால் தண்ணீர் ஊறும், பலகை ஒட்டிக்கொள்ளும், விழுந்து எழுந்தால் பின்பக்கம் முழுக்க நனைந்திருக்கும். இந்த மூன்றும் ஒரே நாளில் வரும். ஆகவே ஒரு தடித்த கோட் எதற்கும் ஆகாது. கழற்றவும் மாட்டவும் வசதியாக மெல்லிசு மெல்லிசாக மூன்று துணி வேண்டும்.

உடம்போடு ஒட்டி மெல்லிய பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, முழுக்கை. அதன்மேல் போட மெல்லிய ஃபிளீஸ் (மெத்தென்ற பாலியஸ்டர் மேலாடை) ஒன்று. பாதி நேரம் அது பைக்குள்தான் கிடக்கும், கிடக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சு வைக்காத, தண்ணீர் புகாத ஜாக்கெட். அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏறும்போது திறந்துவிட்டால் புகைபோக்கி மாதிரி சூடு வெளியே போய்விடும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பேன்ட்டுக்குச் செலவழியுங்கள், ஜாக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உட்காருவது பனியில், விழுவது பனியில், லிஃப்ட் இருக்கையும் ஈரம். தண்ணீர் புகாத, உள்ளே பஞ்சு இல்லாத பேன்ட், தொடைப் பக்கம் காற்றுக்கு ஜிப் இருந்தால் நல்லது.

ஜீன்ஸை மட்டும் எடுத்துப் போய்விடாதீர்கள். நனைந்த ஜீன்ஸின் கனம் உங்களுக்கே தெரியும்.

டவுன் ஜவுளி | மார்ச் 2, இரவு 8.50

தங்கச்சி சொன்னதைப் படித்துவிட்டு மதியம் முழுக்க யோசித்தேன். நம் ஊர் நியாயத்தை அங்கே கொண்டுபோய்ப் பேசிவிட்டேன் போலிருக்கிறது.

தொழிலில் ஒரு கணக்கு உண்டு. சாதாரணக் காற்றிலிருந்து நூல் எவ்வளவு ஈரம் வாங்கி வைத்துக்கொள்கிறது என்று பார்ப்பார்கள். காய்ந்த எடையில் பருத்தி 8.5 சதவீதம், பாலியஸ்டர் வெறும் 0.4. பருத்தி நூல் தானே தண்ணீர் குடிக்கும். பாலியஸ்டர் குடிக்காது, நூலுக்கும் நூலுக்கும் இடையில் இருக்கிற சந்து வழியாகத் தண்ணீர் ஏறி வெளிப்பக்கம் பரவிக் காய்ந்துவிடும். திருப்பூரில் விளையாட்டு ஜெர்சிக்கென்று பின்னுகிற நுண்ணிழைத் துணி இந்த வேலைக்காகவே செய்தது. நம் வெயிலில் பருத்தி நல்லது என்பதற்குக் காரணமும் அதேதான்: வேர்வையைப் பிடித்து வைத்து, மெல்ல ஆவியாக்கி, உடம்பைக் குளிர வைக்கும். சித்திரை மாதம் பேட்டையில் அதற்குப் புண்ணியம் உண்டு. பனி மலையில் யாருக்குக் குளிர வேண்டும்?

கம்பளி விசித்திரமான சரக்கு. 16 சதவீதம் வரை வாங்கும், பருத்தியைப் போல இரண்டு மடங்கு. ஆனால் ஈரத்தை இழைக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும், இழுக்கும்போது கொஞ்சம் சூடும் விடும். ஈரமான பின்னும் சுருளாகவே நிற்கும், ஒட்டாது. அதனால் ஸ்வெட்டரை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம், ஆனால் லேபிளைப் படியுங்கள். கொடைக்கானலில் கம்பளி என்று விற்பதில் நிறைய அக்ரிலிக். ரேயான், விஸ்கோஸ் என்று போட்டிருந்தால் பருத்தியைவிட மோசம், தொடவே வேண்டாம்.

பாளையங்கோட்டைக்காரன் | மார்ச் 4, இரவு 9.10

ஒரு காரியம் செய்து பார்த்தேன். என் காட்டன் பனியனையும் மகளுடைய பள்ளி விளையாட்டு ஜெர்சியையும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். பனியன் 138 கிராம், ஜெர்சி 131. இரண்டையும் வாளியில் முக்கி, என்னால் ஆன மட்டும் பிழிந்து, மறுபடி நிறுத்தேன். பனியன் 271, ஜெர்சி 188. மொட்டை மாடி வெயிலில் போட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் காய்ந்துவிடும் என்பதால் உள் அறையில் மின்விசிறி இல்லாமல் கொடியில் போட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து ஜெர்சியைத் தொட்டால் காய்ந்திருந்தது, கழுத்துப்பட்டியில் மட்டும் லேசான சிலிர்ப்பு. பனியன் சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போகும்போதும் ஓரத்தில் ஈரமாகவே இருந்தது. மனைவி இதையெல்லாம் பார்த்துவிட்டு, துணியைக் காயப்போட இந்த வீட்டில் இவ்வளவு ஆராய்ச்சி நடந்ததே இல்லை என்றாள்.

காட்டன் தெர்மல் பரணுக்குப் போய்விட்டது. ரெயின்கோட்? தண்ணீர் புகாதுதானே?

தென்காசி சாரல் | மார்ச் 4, இரவு 9.25

வெளியிலிருந்து புகாது. உள்ளே பெய்கிற மழையும் வெளியே போகாது. ஜூலை மாதம் ரெயின்கோட் போட்டுக்கொண்டு செங்கோட்டைக்கு பைக் ஓட்டுகிறவன் சொல்கிறேன்.

மியூனிக் செல்வி | மார்ச் 5, பிற்பகல் 2.00

அதேதான். பனிச்சறுக்கு ஜாக்கெட், பேன்ட் லேபிளில் இரண்டு எண் இருக்கும். ஒன்று தண்ணீரைத் தாங்குகிற அளவு. 10,000 மில்லிமீட்டர் என்றிருந்தால், அந்தத் துணிமேல் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று அர்த்தம். நம் ஊர்க் கிணற்றில் முப்பது அடி ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப் பனியில் உட்கார்ந்தாலும் விழுந்தாலும் உடம்பு கனம் துணியை அழுத்தும், அதற்காகத்தான் இவ்வளவு. இன்னொரு எண் ஆவி வெளியேறும் அளவு. அது ரெயின்கோட்டில் பூஜ்யம். தையல்மேல் உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். துணி என்னதான் நன்றாக இருந்தாலும் ஊசி போன ஓட்டை வழியாக ஊறிவிடும்.

பழைய ஹவில்தார் | மார்ச் 6, காலை 5.50

சுரண்டை. ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம். குல்மார்க்கில் உயர்மலைப் போர்ப் பள்ளி இருக்கிறது, 1948இல் தொடங்கியது. அங்கே நானும் பனியில் சறுக்கப் படித்தேன்.

துணியைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். மார்ச் மாதம் ஒரு நாள் மேகமூட்டமாக இருக்கிறதென்று எங்கள் செக்‌ஷனில் ஒரு பையன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டான். பகலெல்லாம் ஒன்றுமில்லை. இரவு ஏழு மணிக்குக் கண்ணில் தேரி மணலை அள்ளிப் போட்ட மாதிரி என்று அலறினான். கண் திறக்க முடியவில்லை, தண்ணீர் கொட்டியது. இரண்டு நாள் இருட்டறை. வெயிலில் தோல் கருகுகிற மாதிரி கண்ணின் மேல்பரப்பு கருகுவது அது. செய்கிறபோது தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் காட்டும்.

காரணம் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப் பனி அந்தக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து ஒரு வெயில். பக்கமெல்லாம் மூடுகிற கறுப்புக் கண்ணாடி, 400 நானோமீட்டர் வரை புற ஊதாவைத் தடுக்கிறது என்று எழுதியதாக வாங்குங்கள். ரோட்டில் நூறு ரூபாய்க்கு விற்கிறது வேண்டாம். கறுப்பாக இருக்கும், தடுக்காது. கறுப்புக்குப் பின்னால் கண்மணி விரியும், கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும்.

சன் ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 50. மூக்குக்குக் கீழே, தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால். கீழிருந்து வருகிற வெயில் அங்கேதான் அடிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. "நாம் கறுப்புத்தானே, நமக்கென்ன" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். உதடு வெடித்து ஒரு வாரம் சாம்பாரே சாப்பிடவில்லை.

பாளையங்கோட்டைக்காரன் | மார்ச் 6, இரவு 8.30

ஐயா, ரொம்ப நன்றி. கோண்டோலாவில் (அங்கே மலைமேல் ஏற்றுகிற ரோப் கார்) மேலே போகலாமா? மேலே போனால் கூடுதலாக என்ன போட வேண்டும்?

பழைய ஹவில்தார் | மார்ச் 7, காலை 5.40

குல்மார்க் 2,650 மீட்டர். கோண்டோலா முதல் கட்டம் கோங்டோரி. இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையின் தோள், 3,950 மீட்டர் கிட்ட. 1,000 மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று கணக்கு வையுங்கள். கீழே 10 என்றால் மேலே 2. காற்று தனி. வேடிக்கை பார்க்க மேலே போங்கள், அப்போது ஃபிளீஸும் ஒரு மெல்லிய இறகு ஜாக்கெட்டும் கையில் இருக்கட்டும். புதிதாகப் படிக்கிறவர்கள் அங்கே சறுக்கக் கூடாது. மதிய வெயிலில் ஊறிய பனி சரியும், ஆளையும் சேர்த்துக் கொண்டுபோகும். மார்ச்சில் மேற்கிலிருந்து காற்று வந்தால் வெயில் நாள் ஒரு மணி நேரத்தில் பனிமழை நாளாகும். காலையில் பார்த்த வானத்தை நம்பி எதையும் அறையில் விட்டுப் போகாதீர்கள்.

அம்பை மைனி | மார்ச் 7, முற்பகல் 11.30

பிள்ளையின் முடியை என்ன செய்யப் போகிறீர்கள்? என் மகள் ஒருமுறை சிக்கிம் போனபோது தலை நிறையத் தேங்காய் எண்ணெய் தேய்த்து அனுப்பினேன். அங்கே போய் இறங்கினதும் எண்ணெய் உறைந்து தலையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, கூட வந்த பிள்ளைகள் பொடுகு என்று கேலி செய்தார்களாம்.

அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு பெண் சேலை கட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிற வீடியோ வந்தது. அது நிஜமா?

மியூனிக் செல்வி | மார்ச் 7, மாலை 6.45

மைனி, தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும், அங்கே கேட்கவே வேண்டாம். சறுக்குகிற நாளில் எண்ணெய் வேண்டாம், ஹெல்மெட் பஞ்செல்லாம் பாழாகும். பின்னந்தலையில் தாழ்த்தி ஒற்றைச் சடை போட்டு ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள். கொண்டையோ உச்சிக் குதிரைவாலோ போட்டால் ஹெல்மெட் உட்காராது. ஹெல்மெட்டுக்கு அடியில் கம்பளிக் குல்லாவும் வேண்டாம், வெயிலில் தலை வெந்துபோகும். கழுத்துக்கு மட்டும் மெல்லிய குழாய்த் துணி ஒன்று. தேவைப்பட்டால் மூக்கு வரை இழுத்துக்கொள்ளலாம்.

சேலையில் சறுக்கலாம், உள்ளே பாலியஸ்டரும் கம்பளியும் போட்டிருந்தால். வீடியோவில் அது தெரியாது.

இன்னும் இரண்டு விஷயம் விட்டுப்போனது. சாக்ஸ்: ஒன்றே ஒன்று, மெல்லிசாக, முழங்காலுக்குக் கீழே வரை வருகிற மாதிரி. குளிரும் என்று இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். சறுக்கு பூட்டுக்குள் சாக்ஸைத் தவிர எதுவும் போகக் கூடாது, தெர்மல் கால்பகுதியை முழங்காலுக்குக் கீழே மடித்து மேலேயே நிறுத்திவிடுங்கள். உள்ளே ஒரு சுருக்கம் இருந்தாலும் கெண்டைக்கால் எலும்பில் அது கல் மாதிரி அழுத்தும்.

கையுறை: எவ்வளவு வெயில் அடித்தாலும் கழற்றாதீர்கள். கல்லுப்புப் பனியில் வெறுங்கையோடு விழுந்தால் தேங்காய்த் துருவியில் கை வைத்த கதை. சட்டைக்கையைச் சுருட்டிவிடாமல் முழுக்கை போடச் சொன்னதும் அதற்காகத்தான். உங்கள் பயிற்றுநர் சொல்கிற வெறும் சட்டை ஆட்கள் விழாதவர்கள். நாம் விழுகிறவர்கள்.

வாகைகுளம் | மார்ச் 8, காலை 10.10

இவ்வளவு செலவு எதற்கு? மூன்று நாளுக்கு எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்துவிட்டுப் போகலாமே. ஊரில் திரும்ப எங்கே போடப் போகிறீர்கள், மாஞ்சோலையிலா?

டவுன் ஜவுளி | மார்ச் 8, காலை 10.40

கேள்வி நியாயம்தான். என் கணக்கு இது: தோலோடு ஒட்டுவதை வாங்கு, தோலைத் தொடாததை வாடகைக்கு எடு. உள்துணி, சாக்ஸ், கையுறை, கண்ணாடி சொந்தம். பலகை, பூட், ஹெல்மெட் வாடகை. பேன்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கடையில் பஞ்சு வைத்ததுதான் கிடைக்கும், ஒரு நாள் நனைந்தால் ராத்திரிக்குள் காயாது, மறுநாள் ஈரத்தோடு ஏற வேண்டும்.

வாகைகுளம் | மார்ச் 8, காலை 10.55

அல்வா ஒரு கிலோ கொண்டுபோய்ப் பயிற்றுநருக்குக் கொடுங்கள், அவரே தன் பேன்ட்டைக் கழற்றிக் கொடுப்பார். எந்தக் கடை அல்வா என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

மட்டுறுத்துநர் | மார்ச் 8, பிற்பகல் 3.30

எந்தக் கடை அல்வா என்று அடுத்து வந்த பதினேழு பதிவுகளை அல்வா இழைக்கு நகர்த்திவிட்டேன். இங்கே உடுப்பை மட்டும் பேசுங்கள்.

பாளையங்கோட்டைக்காரன் | ஏப்ரல் 3, இரவு 9.50

வந்துவிட்டோம். போன கதையைச் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

கடைசியில் வாங்கியது: ஆளுக்கு இரண்டு திருப்பூர் ஜெர்சி முழுக்கை (ஜவுளி அண்ணாச்சி கடையில்தான், விலை குறைத்துப் போட்டார்), ஆளுக்கு ஒரு மெல்லிய ஃபிளீஸ், பஞ்சு இல்லாத பேன்ட், சாக்ஸ், கையுறை, கண்ணாடி. ஜாக்கெட் எனக்கும் மகளுக்கும் மட்டும். மனைவி தன் தம்பியிடமிருந்து ஒன்று இரவல் வாங்கிக்கொண்டாள். மூன்று பேர் உடுப்பும் ஒரே பெட்டியில் 11 கிலோவுக்குள் அடங்கியது. மூன்று கோட் வாங்கியிருந்தால் அதுவே ஒரு பெட்டி.

முதல் நாள். காலை ஒன்பதரைக்குப் பயிற்சிச் சரிவில் இறங்கினோம். கெட்டி பனி. ஜெர்சி, ஃபிளீஸ், ஜாக்கெட் மூன்றும் போட்டிருந்தும் முதல் ஐந்து நிமிஷம் நடுங்கினேன். நான்காவது தடவை விழுந்து எழுந்தபோது ஃபிளீஸ் பைக்குள் போனது. பத்தே முக்காலுக்கு அக்குள் ஜிப்பைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஜிப்புக்குக் கொடுத்த காசு செரித்தது. பக்கத்தில் வாடகை ஃபர் கோட்டில் ஒரு குடும்பம், முகமெல்லாம் சிவந்து, கோட்டைத் திறந்து போட்டுக்கொண்டு, வீசுகிற காற்றில் மறுபடி இழுத்து மூடிக்கொண்டு, அதே வேலையாக இருந்தார்கள்.

பதினொன்றுக்குக் குனிந்து பனியை ஒரு கை அள்ளிப் பார்த்தேன். செல்வி சொன்னது சரிதான், அச்சு அசல் கல்லுப்பு. தூத்துக்குடி உப்பளத்தில் புதிதாக வாரிக் குவித்த மாதிரி கண்ணாடி மணிகள், நடுவில் ஈரம். கையுறையில் தேய்த்தால் நரநர என்றது. மகள் அதில் எழுபது அடி விழாமல் வந்தாள். நான் ஏழடி.

மனைவி விஷயத்தில்தான் கோட்டைவிட்டோம். தண்ணீர் புகாத பேன்ட்டுக்கு அடியில் வீட்டில் போடுகிற காட்டன் லெக்கிங்ஸைப் போட்டிருக்கிறாள், கேட்டால் "அது உள்ளேதானே" என்றாள். வெளியிலிருந்து ஒரு சொட்டு போகவில்லை, உள்ளே வேர்த்தது மொத்தமும் லெக்கிங்ஸில் நின்றுவிட்டது. மதியம் கோண்டோலாவில் கோங்டோரி போய் இறங்கினோம். காற்று. முழங்கால் இரண்டும் விறைத்துவிட்டது என்று உட்கார்ந்துவிட்டாள். ஒரு கப் கஹ்வா (காஷ்மீர்த் தேநீர்) வாங்கிக் கொடுத்து, கழிப்பறையில் மகளுடைய மாற்று டைட்ஸைப் போட வைத்தபிறகுதான் முகத்தில் களை வந்தது. கழற்றிய லெக்கிங்ஸைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது.

இரண்டாம் நாள் ஹவில்தார் ஐயா சொன்னபடியே ஆனது. எட்டு மணிக்கு நீல வானம், பத்தரைக்குப் பனிமழை. அறையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று மகள் சொன்ன இறகு ஜாக்கெட்டைப் பிடிவாதமாகப் பையில் திணித்திருந்தேன். மூன்று பேரும் முறை வைத்துப் போட்டுக்கொண்டோம்.

மூன்றாம் நாள் புதுப்பனிமேல் வெயில். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. கண்ணாடி காப்பாற்றியது. சன் ஸ்கிரீனை முகம், காது, தாடை எல்லாம் பூசினேன். மூக்குக்குக் கீழே மட்டும் மீசை இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். மீசைக்கும் மூக்கு ஓட்டைக்கும் நடுவில் இருக்கிற அந்த அரை விரல் இடம் இரண்டு நாளில் உரிந்து தொங்கியது. சாஸ்தா கோயிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெரியம்மை எல்லார் முன்னாலும், "ஏலே, ஒன் மூக்க எது கடிச்சது?" என்று கேட்டாள். பனி என்று சொன்னேன். நம்பவில்லை.

கெண்டைக்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. வலது சாக்ஸில் ஒரு சுருக்கம். அவ்வளவுதான்.

மியூனிக் செல்வி | ஏப்ரல் 4, பிற்பகல் 12.20

மீசையை நான் யோசிக்கவே இல்லை அண்ணாச்சி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஹவில்தார் | ஏப்ரல் 5, காலை 5.45

நான் மூக்குக்குக் கீழே என்று எழுதியிருந்தேன்.

வாகைகுளம் | ஏப்ரல் 6, இரவு 7.15

அண்ணாச்சி, அந்தப் பேன்ட் என்ன சைஸ்? தம்பி மகன் மே முதல் வாரம் ரோடாங் பக்கம் போகிறான். மாஞ்சோலையில் நீங்கள் போடப் போவதில்லை என்றால் இரவல் கொடுங்கள்.

பாளையங்கோட்டைக்காரன் | ஏப்ரல் 6, இரவு 7.40

36. இடுப்பில் பட்டை இருக்கிறது, 34 ஆளுக்கும் இறுக்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பித் தருவதற்கு முன் துவைத்தால் கம்ஃபர்ட் போட வேண்டாம், துணியின் தண்ணீர் தள்ளுகிற பூச்சும் ஆவி போகிற சந்தும் கெட்டுவிடும். கொஞ்சமாகச் சோப்பு, நன்றாக அலசி, நிழலில் காயப்போடச் சொல்லுங்கள். உள்ளே காட்டன் போடக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.